ஆயில் எடுக்கும் பக்கத்தை நாலு தடவை எழுதினேன்

ஆடிட்டுக்கு ஆறு வாரம் இருந்தது. மேனேஜர் ஒரு தடித்த ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டு, "இதுல எழுதியிருக்கறதும் நாம செய்யறதும் ஒண்ணுதானான்னு பார்த்துடுங்க" என்றார். ஒன்பது வருஷமாக அமோனியாவை ஓடவிட்டுக் குளிரூட்டும் பிளான்ட்டில் ஷிஃப்ட் பார்ப்பவன் நான். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் பைப்பிங் வரைபடம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நானும் சீனியர் ஆபரேட்டர் அண்ணனும் ஒவ்வொரு வால்வாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனோம். வரைபடத்தில் இல்லாத வால்வுகள் 11. எப்போதோ அவசரத்துக்குப் போட்டவை. யார் போட்டது என்று அண்ணனுக்கே நினைவில்லை. லிக்விட் லைனில் இரண்டு ஸ்டாப் வால்வுக்கு நடுவே ரிலீஃப் வால்வு (அழுத்தம் ஏறினால் தானே திறந்துகொள்வது) இல்லாத ஒரு துண்டு பைப் இருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. இரண்டையும் மூடினால் குளிர்ந்த திரவம் நடுவில் மாட்டிக்கொள்ளும். சூடேறும்போது அது விரிய இடம் கிடையாது, பைப்தான் பிளக்கும். இத்தனை நாள் இரண்டையும் ஒருசேர யாரும் மூடாததால் தப்பித்திருக்கிறோம். அன்றே ஒரு வால்வைத் திறந்து வைத்துப் பூட்டுப் போட்டோம், ரிலீஃப் பிறகு வந்தது.

ரிலீஃப் வால்வுகளில் ஐந்து வருஷக் கெடு தாண்டியவை இரண்டு, மாற்றினோம். திரவ அமோனியா சேரும் தொட்டியான ரிசீவர் மேலே இரட்டை ரிலீஃபுக்குக் கீழிருக்கும் மூவழி வால்வு பாதியில் நின்றிருந்தது. அதை ஏதாவது ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி உட்கார வைக்க வேண்டும். காற்றில் அமோனியா கசிவைப் பிடிக்கும் சென்சார்களை டெஸ்ட் கேஸ் விட்டுப் பார்த்தோம்: 25 பிபிஎம்மில் அலாரம், 150-இல் அவசர விசிறி. அண்ணன் சிரித்தார், "எனக்கு மூக்கே போதும்." மூக்கு பழகிவிடும், அண்ணா. கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றால் வாடை குறைந்த மாதிரி இருக்கும், கேஸ் குறைந்திருக்காது.

இதெல்லாம் ஒரு வாரம். மீதி நாளெல்லாம் ஆயில் எடுக்கும் ஒரே ஒரு பக்கத்துக்குப் போனது.

கம்ப்ரசரிலிருந்து தப்பிப் போகும் ஆயில் திரவ அமோனியாவோடு கலக்காது. அதைவிடக் கனம் என்பதால் வெசலின் அடியில் போய் உட்காரும். அங்கிருந்து 'ஆயில் பாட்' என்கிற சின்னத் தொட்டிக்கு இறக்கி, டிரெயின் வழியாக எடுக்க வேண்டும். டிரெயினில் ஸ்ப்ரிங் வால்வு இருக்கும். கைப்பிடியை விட்டால் தானே மூடிக்கொள்ளும். ஆயில் தீர்ந்து அமோனியா பீறிட்டால் கையை விட்டுவிட்டு ஓடலாம் என்பதற்காகத்தான் அந்த ஸ்ப்ரிங். எங்கள் வால்வின் கைப்பிடியில் ஒரு கட்டுக்கம்பி தொங்கியது. கம்பி உரசி உரசி அந்த இடத்தில் பெயின்ட்டே இல்லை.

"தம்பி, கம்பி இல்லேன்னா முக்கால் மணி நேரம் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். நீங்க நிப்பீங்களா?"

முதல் தடவை 'கம்பி கட்டக் கூடாது' என்று எழுதினேன். அண்ணன் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் கம்பி அங்கேயே இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதையே கொஞ்சம் கோபமாக எழுதியவைதான்.

பிறகு ஒருநாள் மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு அவரோடு நின்றேன். பாட் முழுக்க வெள்ளையாகப் பனி. உள்ளே ஆயில் ஆறிய கூழ் மாதிரி, நூலாக இறங்குகிறது. முக்கால் மணி நேரத்துக்குக் காரணம் அதுதான். பாட்டைச் சூடேற விடாமல், ஷிஃப்டுக்கு வந்த கையோடு எடுத்துக்கொண்டிருந்தோம்.

நாலாவது தடவை வேறு மாதிரி எழுதினேன். முந்தின ஷிஃப்டே பாட்டின் இன்லெட்டை மூடிவிட வேண்டும். கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கமான சக்‌ஷனுக்குப் போகும் வென்ட் திறந்தே இருக்கும். உள்ளே இருக்கிற அமோனியா கொதித்து அந்த வழியாகப் போய்விடும். பனி முழுக்க உருகி, பாட் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் வென்ட்டை மூடிவிட்டு டிரெயினைத் தொடலாம். அப்படிச் செய்தபோது ஆறே நிமிஷத்தில் முடிந்தது. கம்பியை அண்ணனே அவிழ்த்து வீசினார்.

ஆடிட்டர் அந்தப் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. எங்களில் சின்னப் பையனைக் கூப்பிட்டு, "ஆயில் எடுத்துக் காட்டுங்க" என்றார். அவன் பாட்டைப் பார்த்தான், அடியில் கைவைத்துப் பார்த்தான். "பனி இன்னும் உருகலை சார். இப்ப எடுக்க முடியாது." அவர் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

ரிப்போர்ட்டில் நாலு குறை வந்தது. மூன்று சில்லறை. நாலாவது, கண் கழுவும் குழாயை மறித்து நின்ற பழைய ஆயில் டிரம். ஆயில் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று முந்தின நாள் அதை அங்கே உருட்டி வைத்தவன் நான்.