ராகு காலம் பார்த்துக் கிளம்பி, பூட்டின கேட் முன்னாடி நின்ன கதை

அப்பா அம்மா ஊர்ல இருந்து கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. அப்பாவுக்கு கௌபாய் படம்னா உயிர். வெள்ளிக்கிழமை ராத்திரி, "ஹாரிசன் ஃபோர்ட் குதிரைல வருவாருப்பா"ன்னு ஆசை காட்டி 'தி ஃப்ரிஸ்கோ கிட்' போட்டேன், 1979ல வந்த படம்.

ஆனா ஹாரிசன் ஃபோர்ட் அதுல பேங்க் கொள்ளைக்காரன்தான், படம் முழுக்க ஜீன் வைல்டர் ராஜ்ஜியம். அவரு போலந்து ராபை, அதாவது யூத மதகுரு, நம்ம கணக்குல வாத்தியார்னு வெச்சுக்கங்க, படிப்புல கிட்டத்தட்ட கடைசி ரேங்க், அவரை 1850ல தோராங்கற யூத வேதச் சுருளோட சான் பிரான்சிஸ்கோ சபைக்கு அனுப்பி வைக்கறாங்க. ஃபிலடெல்ஃபியாவுல கப்பல் இறங்கினதும் ஒரு கும்பல் நைசா பேசி வண்டில ஏத்திக்கிட்டுப் போய், இருக்கறதை உருவிட்டு நடுவழில தள்ளிட்டுப் போயிடுது. அப்பா உடனே, "செண்ட்ரல் ஸ்டேஷன் ஆட்டோ மாதிரி இருக்கேடா"ங்கறாரு. அப்புறம் கறுப்புத் தொப்பியும் தாடியுமா கொஞ்ச பேரைப் பார்த்து, ஆஹா நம்மாளுங்கன்னு ராபை விழுந்தடிச்சு ஓடறாரு. பார்த்தா அவங்க ஆமிஷ் கிறிஸ்தவங்க. ஏர்போர்ட்ல மீசை வெச்ச எவரைப் பார்த்தாலும் "தமிழா சார்?"னு கேட்டு, அவரு தெலுங்குல பதில் சொல்ற மாதிரி.

அப்பா சீட் நுனிக்கு வந்தது ஒரே ஒரு சீனுக்குத்தான். பின்னாடி போலீஸ் கும்பல் துரத்திட்டு வருது, மாட்டினா தூக்குக் கயிறு, ராபை என்னடான்னா இன்னிக்கு சனிக்கிழமை, சபாத், யூதங்களோட ஓய்வு நாள், குதிரை ஏற மாட்டேன்னு இறங்கி நடக்கறாரு. ஹாரிசன் ஃபோர்ட் தலைல அடிச்சுக்கறாரு. சூரியன் மறையற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து, மறைஞ்சதும் ஏறிப் பறக்கறாங்க. நான் விழுந்து விழுந்து சிரிக்கறேன், அப்பா மட்டும் சீரியஸா, "இதுல சிரிக்க என்னடா இருக்கு, மனுஷனுக்கு ஒரு கட்டுப்பாடு வேணாமா"ங்கறாரு.

நானும் சும்மா இருந்திருக்கலாம். கூகுள் பண்ணதை அப்படியே ஒப்பிச்சேன். 1881ல ஓகே கோரல்ங்கற பேர்போன துப்பாக்கிச் சண்டைல சுட்ட சட்டக் காவலர் வயட் ஏர்ப் இருக்காரே, அவரோட துணைவி ஜோசஃபின் யூதப் பொண்ணு, சான் பிரான்சிஸ்கோ குடும்பம், அதனால கௌபாய் கதைகளுக்கெல்லாம் தாத்தாவான அந்த மனுஷனோட சாம்பல் இருக்கறது சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல கோல்மாங்கற ஊர்ல, ஒரு யூதக் கல்லறைத் தோட்டத்துல. பக்கத்துலயே இன்னொரு யூதத் தோட்டத்துல லீவைஸ் ஜீன்ஸ் லீவை ஸ்ட்ராஸ். பவேரியாவுல இருந்து வந்து 1853ல சான் பிரான்சிஸ்கோவுல ஜவுளி யாவாரம் ஆரம்பிச்சவரு. ரீனோவுல ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர், அவரும் யூதர்தான், பேன்ட் பாக்கெட் கிழியாம இருக்க செம்புக் குமிழ் அடிச்சுப் பார்த்திருக்காரு, ரெண்டு பேரும் சேர்ந்து 1873ல காப்புரிமை வாங்கினாங்க. படத்துல வர்ற வாத்தியார் கற்பனை, இவங்கல்லாம் நிஜம்.

"நாளைக்குப் போறோம்"னுட்டாரு அப்பா. அம்மா, "சுற்றிப் பார்க்கறதுக்கு சுடுகாடா?"ன்னு ஒரு பார்வை பார்த்தாங்க.

காலைல எட்டரைக்கே நான் ரெடி. ஆனா சனிக்கிழமை ஒன்பதுல இருந்து பத்தரை ராகு காலம், "அப்புறம் கிளம்பலாம், அவசரம் என்ன, வயட் ஏர்ப் எழுந்தா போயிடப் போறாரு"ன்னு தினசரி காலண்டரைக் காட்டறாரு. கலிஃபோர்னியாவுல ராகு எத்தனை மணிக்கு வருவாருன்னு கேட்டேன், "லோக்கல் டைம்தான்"னு டக்குனு பதில். சரியா பத்து முப்பத்தொண்ணுக்கு கார் எடுத்து, சான் மேட்டியோ பிரிட்ஜ்ல டோல் கட்டி, கோல்மா போய்ச் சேர்ந்தோம். சான் பிரான்சிஸ்கோக்காரங்க ஊருக்குள்ள இனி புதைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு கல்லறைகளைப் பெரும்பாலும் இங்க கொண்டு வந்துட்டாங்க, ஊர்ல உயிரோட இருக்கறவங்க சில ஆயிரம் பேர் கூட இல்ல, மண்ணுக்குள்ள பத்து லட்சத்துக்கும் மேல.

கேட் பூட்டு.

தள்ளிப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். அப்பா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு போர்டை எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. சனிக்கிழமை விடுமுறை. நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் அந்த சபாத்தைத்தான் பார்த்து வயிறு வலிக்க சிரிச்சேன். அப்பா ஒண்ணும் சொல்லல. தொண்டையைச் செருமிக்கிட்டு, "சூரியன் மறையற வரைக்கும் நிப்போமா?"ன்னாரு.

ஞாயித்துக்கிழமை மறுபடி டோல். கல்லுல வயட் பேரும் ஜோசஃபின் பேரும் இருந்துச்சு. 1957ல பழைய கல்லை யாரோ திருடிட்டுப் போனதா படிச்சேன், பெரிய சட்டக் காவலருக்கே இந்த நிலைமை. மேல பூ கிடையாது, கூழாங்கல்லுதான், அது அவங்க வழக்கம். அப்பாவும் ஒண்ணு தேடிப் பொறுக்கி, தொடைல துடைச்சு, ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சாரு.

வீட்டுக்கு வந்தா அம்மா கராஜ்லயே மறிச்சு நிக்கறாங்க, கைல கார் கழுவற ஹோஸ் பைப்பு. அப்பா சமாதானமா, "யூதங்க கல்லறைல இருந்து வந்தா கையை மட்டும்தான்டி கழுவுவாங்க"ன்னாரு.

"அவங்க கையைக் கழுவட்டும், நீங்க தலைய நீட்டுங்க."