டயல்-அப் இணைப்பு: மோடத்தின் சத்தத்தை அணைக்காதீர்கள்

விண்டோஸ் 98 உள்ள கணினியை டயல்-அப்பில், அதாவது மோடம் கொண்டு தொலைபேசி லைன் வழியே, இணையத்தில் இணைக்கும்போது கோளாறு எங்கே என்று காதே சொல்லிவிடும். இரைச்சல் பிடிக்காமல் பலர் முதலிலேயே மோடம் ஸ்பீக்கரை அணைத்துவிடுகிறார்கள். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு அணைத்துக்கொள்ளலாம்.

மோடத்தின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் ஒயர் 'லைன்' துளைக்குப் போக வேண்டும். 'போன்' துளை தொலைபேசிக்கு. வெளியே வைக்கும் மோடம் என்றால் சீரியல் கேபிளைச் செருகினால் போதும். உள்ளே பொருத்தும் கார்டில்தான் தலைவலி. காம் எனப்படும் சீரியல் போர்ட்டுகளில் காம்1, காம்3 இரண்டும் ஐஆர்க்யூ (பிராசஸரை அழைக்கும் தடம்) 4-ஐயும், காம்2, காம்4 இரண்டும் ஐஆர்க்யூ 3-ஐயும் பங்கிட்டுக்கொள்ளும். மவுஸ் காம்1-இல், மோடம் காம்3-இல் இருந்தால், டயல் செய்த கையோடு மவுஸ் அசையாமல் நின்றுவிடும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்து, அந்தக் காம்2-ஐ மோடத்துக்குக் கொடுத்தால் தீர்ந்தது. பிராசஸரின் தலையில் வேலையைக் கட்டும் மலிவான வின்மோடம்களைத் தவிர்ப்பது நல்லது. பழைய கணினி அதிலேயே திணறிவிடும்.

மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் ஹைப்பர்டெர்மினல் நிரலைத் திறந்து 'ஏடி' (AT) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். 'ஓகே' என்று பதில் வந்தால் மோடமும் போர்ட்டும் நலம். வராவிட்டால் மேலே போவதில் பயனில்லை.

டயல்-அப் நெட்வொர்க்கிங்கில் புது இணைப்பை உருவாக்கி இணைய நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்ததும், அதன் பிராப்பர்டீஸில் சர்வர் டைப்ஸ் பக்கத்துக்குப் போங்கள். லைன் வழியே இணைய நிறுவனத்தோடு பேசும் முறையான பிபிபி இருக்கட்டும். 'லாக் ஆன் டு நெட்வொர்க்' டிக்கை எடுத்துவிடுங்கள். இருந்தால் இல்லாத அலுவலக சர்வரைத் தேடிக்கொண்டு நேரம் போகும். அலுவலக வலையமைப்புகளுக்கான நெட்பியூஐ, ஐபிஎக்ஸ் நெறிமுறைகள் இரண்டும் வேண்டாம், இணையத்துக்கான டிசிபி/ஐபி மட்டும் போதும்.

இனி டயல் செய்துவிட்டுக் கேளுங்கள். டயல்டோன் காதில் விழுந்தும் 'நோ டயல்டோன்' என்று மோடம் அடம்பிடித்தால், அந்த டோன் அதற்குப் புரியவில்லை என்று பொருள். கூடுதல் செட்டிங்ஸ் பெட்டியில் 'எக்ஸ்3' கட்டளையை இட்டால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டிய இடத்தில் 9-க்குப் பின் ஒரு காற்புள்ளி வையுங்கள். ஒரு காற்புள்ளிக்கு வழக்கமாக 2 விநாடி நிதானிக்கும். எண்களை அடித்த பிறகும் டயல்டோன் நிற்காமல் ஒலித்தால் அது பல்ஸ் எக்ஸ்சேஞ்ச், அதாவது எண்ணைத் துடிப்புகளாக மட்டுமே புரிந்துகொள்ளும் பழைய தொலைபேசி நிலையம். டோனிலிருந்து பல்ஸுக்கு மாற்றுங்கள்.

மறுமுனை எடுத்ததும் கீச்சென்ற ஒலியும் 'ஷ்ஷ்' இரைச்சலும் வந்து, பிறகு அமைதியாகும். அந்த அமைதி வந்துவிட்டால் லைன் தன் வேலையை முடித்துவிட்டது. அதன்பின் 691 பிழை வந்தால் பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ பாருங்கள், ஒயரை நோண்டாதீர்கள். பெரும்பாலும் கேப்ஸ் லாக்தான். இரைச்சல் அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே லைன் மீது சந்தேகப்பட வேண்டும்: ரிசீவரை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, டோன் அடங்கியதும் கரகரப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். மற்ற அறைத் தொலைபேசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

வேகம் 1,15,200 என்று காட்டினால் மகிழ வேண்டாம்; அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். 1998-இல் வந்த வி.90 தர மோடத்தில் இறக்கத்துக்குத்தான் (டவுன்லோடு) விநாடிக்கு 56 கிலோபிட், அதுவும் ஏட்டளவில், ஏற்றத்துக்கு (அப்லோடு) 33.6 மட்டுமே. விநாடிக்கு 44,000 பிட் கிடைத்தாலே நல்ல லைன். அதில் 1 எம்பி இறங்க மூன்றரை நிமிடம் ஆகும். ஜிப் கோப்புகள் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் மோடத்தின் சுருக்கம் அவற்றுக்கு உதவாது.

நன்றாக ஓடும் இணைப்பு பாதியில் அறுந்தால், கால் வெயிட்டிங் ஒலி அல்லது வேறு அறையில் யாரோ ரிசீவரை எடுத்திருப்பார்கள். இடி மின்னல் தொடங்கும் முன்பே மின் இணைப்போடு தொலைபேசி ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த ஒயர் வழியாகவும் வந்து மோடத்தைக் கருக்கும்.