க்ரீனைப் படிக்கும் நாட்கள்

மார்ச் 2

இன்று பட்டரை, கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையை, தொடவில்லை. பயிற்சி க்ரீனை, குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்பரப்பை, சுற்றிச் சுற்றி நடந்தேன். இங்கே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் வடியும் என்பதுதான் கேள்வி. மழைநீர் தேங்காதபடி அமைத்த பரப்பு இது. நீர் போகும் திசை ஒன்று இருந்தே தீரும், பந்தும் அதையே நாடும். பந்துக்குப் பின்னால் நின்றால் இடவலச் சரிவு தெரிகிறது. ஏற்றமா இறக்கமா என்பது பக்கவாட்டில், தாழ்ந்த பக்கமாக நின்றால்தான் பிடிபடுகிறது.

மார்ச் 5

சுற்றிலும் மேடு இருந்தால் கண் ஏமாறுகிறது. பந்துக்கும் குழிக்கும் நடுவே, கோட்டுக்கு இருபுறமும் காலை அகற்றி நின்றேன். தாழ்ந்த பக்கத்துக் காலில் பாரம் இறங்குவது நன்றாகவே தெரிகிறது. இனி கண் சொல்வதைக் கால் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடிப்பேன்.

மார்ச் 9

நாள் முழுவதும் வேகத்தைப் பற்றியே சிந்தனை. சரிவில் பந்து எவ்வளவு வளையும் என்று தனியாகக் கேட்பதில் பொருளே இல்லை. எந்த வேகத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து சுமார் 43. மெதுவாக வரும் பந்துக்கு அந்த வாய் முழுவதும் திறந்திருக்கிறது. ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே விழும். விரைந்து வரும் பந்துக்கோ நடுப்பகுதி மட்டுமே குழி, ஓரத்தில் பட்டால் சுழன்று வெளியேறிவிடும். குழியைத் தவறவிடும் பந்து 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகமே சிறந்தது என்பது கோல்ஃப் பயிற்சியாளர் டேவ் பெல்ஸ் தம் சோதனைகளில் கண்ட முடிவு.

மாலையில் ஒரு பந்தைக் கடைசி வரை கவனித்தேன். பாதித் தூரம் ஏறக்குறைய நேராகவே ஓடியது. வேகம் தளர்ந்ததும் சரிவு அதை இழுக்கத் தொடங்கியது; கடைசி இரண்டடியில்தான் பெரும்பகுதி வளைவு. ஆகவே குழியைச் சுற்றியுள்ள தரையைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும்.

மார்ச் 10

மழை. ஈரத்தில் பந்து நகர மறுக்கிறது, வளைவும் குறைவு.

மார்ச் 14

ஸ்டிம்ப்மீட்டர் வைத்து க்ரீனின் வேகத்தை அளப்பதை அருகில் இருந்து பார்த்தேன். 1935-இல் அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓபன் போட்டியைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கிய கருவி. பள்ளமுள்ள சட்டத்தை மெல்ல உயர்த்தினால், சுமார் 20 பாகையில் பந்து தானே விடுபட்டு உருள்கிறது. சமதரையில் அது ஓடும் அடிகளே அந்த க்ரீனின் வேகம். அந்த எண் கூடக்கூட, அதே சரிவில் வளைவும் கூடும்.

மார்ச் 18

பெர்முடா புல் சாயும் திசையும் கணக்கில் வருகிறது. நம்மை விட்டு விலகிச் சாய்ந்தால் பரப்பு பளபளக்கிறது, பந்து விரைகிறது. நம்மை நோக்கிச் சாய்ந்தால் கருமை, பந்து தயங்குகிறது. குழியின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பிய்ந்து பழுத்திருந்தது. புல் அந்தப் பக்கம் நோக்கி வளர்கிறது.

மார்ச் 21

ஆட்டத்தின் நடுவே, ஆடப்போகும் க்ரீனில் பந்தை உருட்டிச் சோதிக்க விதி இடம் தருவதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. வாசிப்பு நம்முடையதாகவே இருக்க வேண்டும். இறக்கத்தில், வலமிருந்து இடமாகச் சரியும் பட் (பட்டரால் உருட்டும் அடி) ஒன்று வந்தது. குழிக்கு வெகு மேலே இலக்கு வைத்து மெல்லத் தட்டினேன். மேல் விளிம்பில் ஏறி விழுந்தது. நாளை இறக்கத்து பட் மட்டும்.