வால்வு மாற்றிய பிறகு பழைய மாத்திரை அளவு அம்மாவுக்கு ஏன் ஒத்துவரவில்லை

அம்மாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்ற வேண்டும் என்றதும் எங்களுக்கு இருந்த பயமெல்லாம் நெஞ்சைத் திறப்பதைப் பற்றித்தான். மருந்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் எங்களைக் கலங்கவைத்தது மருந்துதான்.

நாங்கள் இரணியல் பக்கம். ரயிலேறினால் திருவனந்தபுரம் கிட்டத்தான், சிகிச்சை அங்கேதான். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அம்மாவின் வால்வைச் சுருக்கியிருந்தது. இதயத் துடிப்பும் தாறுமாறானதால் இரண்டு வருடமாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை 5 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். ஆபரேஷனுக்கு 5 நாள் முன்பு அதை நிறுத்தச் சொன்னார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மதியம் வரை அம்மா சரியாகக் கண் திறக்கவில்லை. ஐசியூ வாசலில் அழுதுகொண்டு நின்ற என்னை மயக்க மருந்து டாக்டர் பார்த்தார். "மோளே, இங்க இரி" என்று உட்காரவைத்து, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக விளக்கினார்.

இதயத்தை நிறுத்தியிருக்கும் நேரத்தில் ரத்தம் வெளியே மெஷின் வழியாகச் சுற்றுகிறது. அந்தக் குழாய்களில் முதலிலேயே ஒன்றரை லிட்டர் போலத் திரவம் நிரப்பியிருப்பார்கள். அது கலந்ததும் ரத்தம் நீர்த்து, மருந்தின் செறிவு சட்டென்று இறங்கும். "அப்படியானால் மருந்து போதாமல்தானே போகணும்?" என்று கேட்டேன். ரத்தத்திலுள்ள ஆல்புமின் போன்ற புரதங்கள் மருந்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்குமாம். பிடிபடாத பங்குதான் வேலை செய்யும். புரதமும் நீர்த்துப்போவதால் அந்தப் பங்கின் விகிதம் கூடிவிடுகிறது. உடலைக் குளிரவைப்பதால் கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகமும் குறைகிறது.

ஆபரேஷனில் வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் ஃபென்டனில் போன்ற மருந்து மெஷினின் குழாயிலும், ரத்தத்தில் ஆக்சிஜன் சேர்க்கும் ஆக்சிஜனேட்டரிலும்கூட ஒட்டிக்கொள்ளும் என்றார். புது மண்சட்டி எண்ணெயைக் குடிக்குமே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ரத்த ஓட்டம் குறைந்து கிடந்த நுரையீரலிலும் அந்த மருந்து கொஞ்சம் தங்கியிருக்கும். நுரையீரல் மறுபடி இயங்கும்போது அது ரத்தத்துக்குத் திரும்பி வரும். இப்படிப் பல காரணம் சேர்ந்து அம்மா மெதுவாக எழுகிறார், பயப்படாதே என்றார். அன்று மாலையே அம்மா விழித்து "மக்களே, தண்ணி" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய சிக்கல். டிஸ்சார்ஜ் சீட்டில் வார்ஃபரின் 3 மில்லிகிராம் என்று இருந்தது. அலமாரியில் பழைய 5 மில்லிகிராம் அட்டை மிச்சம் இருந்தது. இத்தனை நாள் ஒத்துக்கொண்ட அளவுதானே என்று அம்மா அதையே சாப்பிட்டுவிட்டார். ஒரு வாரத்தில் பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்கவில்லை, கையெல்லாம் நீலத் திட்டுகள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தக்கலையில் செய்து பார்த்தால் 5.8. எண் கூடக் கூட ரத்தம் உறைவது தாமதமாகும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

உடனே டாக்டருக்குப் போன் செய்தோம். மாத்திரையை நிறுத்தி, மறுநாளே அழைத்துவரச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் ஆல்புமின் குறைந்திருக்கும், கல்லீரலும் முழுதாகத் தேறியிருக்காது, சாப்பாடும் குறைவு. அதனால் பழைய அளவு இப்போது அதிகம் என்றார். இதை வீட்டுக்கு அனுப்பும் முன்பே யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் வாரம் ஒருமுறை ஐஎன்ஆர், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். அம்மாவுக்கு முருங்கைக்கீரை இல்லாமல் முடியாது. கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்; அதை நிறுத்த வேண்டாம், ஆனால் வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடட்டும் என்றார் டாக்டர். சாப்பாடும் உடம்பும் தேறத் தேற, டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். இப்போது 4 மில்லிகிராம், கடைசி ஐஎன்ஆர் 2.9. பழைய அட்டையை வீட்டில் வைத்திருந்தால், நோயாளி வீடு திரும்பும் முன்பே எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.