ராமேஸ்வரத்தில் கடைசி நாள்: முனையிலிருந்து பாலம் வரை

ஊர் திரும்பும் நாளில், விட்டுப்போன இடங்களையெல்லாம் ஆட்டோ பிடித்து ஒரே ஓட்டமாகப் பார்த்துவிடத் தோன்றும். வேண்டாம். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு, காலைப் பொழுதை தனுஷ்கோடிச் சாலை முடியும் நிலமுனையான அரிச்சல்முனைக்குக் கொடுங்கள். இந்தக் கடலை விட்டுப் போகும் மனக்கனத்துக்கு அந்த இடம்தான் சரி.

வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் தனுஷ்கோடிச் சாலையில் ஒதுங்க நிழல் கிடையாது. காற்று அடிக்கும் நாளில் தார்மேல் மணல் மெல்லிசாகப் படர்ந்து கிடக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் பைக் சறுக்கும். முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். காரைத் தாரை விட்டுக் கீழே இறக்கவே கூடாது. புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போகும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, கால்மிதியை அடியில் செருகி, மெதுவாக எடுங்கள்.

தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா, அதாவது ஆண்கடல், பொங்கி அடிக்கும். வடக்கே பெண்கடலான பாக் நீரிணை குளம்போலக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் வடக்குப் பக்கமும் கலங்கிவிடும். முனையில் இரண்டு பக்க நீரோட்டமும் மோதுவதால் காலடி மணல் அரிக்கும், ஆழம் சட்டென்று கூடும். கணுக்கால் நனைத்தால் போதும், குளிக்க இறங்காதீர்கள்.

திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்தில் கட்டாயம் நில்லுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடி ஊரையும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் சேர்த்துக் கொண்டுபோனது. மிஞ்சிய சுவர் பவளக் கல். காலை வெயில் சாய்வாக விழும்போது கிட்டப்போய்ப் பாருங்கள்: பவளம் உயிரோடு இருந்தபோது அதற்கிருந்த சின்னச் சின்னக் குழிகள் கல்லில் அப்படியே இருக்கும். ஒரு துண்டைக்கூடப் பெயர்த்து எடுக்க வேண்டாம். கடையில் பவளமோ கடல்குதிரையோ நீட்டினாலும் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

வாங்க வேண்டியது கருவாடும் குண்டு மிளகாயும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெத்திலிக் கருவாட்டை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். தொய்ந்தால் ஈரம் இருக்கிறது, ரயிலிலேயே வாடை கிளம்பும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பரவாயில்லை, இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால் கெட்டது. பாலிதீனில் நேரே போட்டால் வியர்க்கும். செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றி ஓலைப்பெட்டியில் வையுங்கள். வீடு சேர்ந்ததும் ஒரு வெயில் காட்டினால் போதும்.

ரயிலில் ஏசி வேண்டாம். கண்ணாடியில் உப்புப் படிந்து கடல் மங்கிவிடும். ஸ்லீப்பரில் ஜன்னலோரம் பிடியுங்கள். ஊருக்குத் திரும்பும்போது வலப்பக்கம் பாக் நீரிணை, இடப்பக்கம் மன்னார் வளைகுடா. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போனது, கண்ணாரப் பார்க்க நேரமிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் அந்த இரண்டு கிலோமீட்டர் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. அதனால் பாம்பன் ஸ்டேஷனிலேயே தயாராகிவிடுங்கள். பாலத்தின் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே போகும்போது, கப்பலுக்காக மேலே தூக்கும் 72.5 மீட்டர் பகுதியில் இருக்கிறீர்கள்.

காற்று அளவு மீறினால் சிக்னல் விழாது, வண்டி பாம்பனிலேயே நிற்கும். பதற வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் தீவில் இருக்கக் கிடைத்திருக்கிறது, இறங்கி ஒரு டீ குடியுங்கள்.