அப்பாவுக்கு ஒரு கரண்டி: கப்பல் நாட்குறிப்பு

மே 10, சவுத்தாம்டன்

ஏறிவிட்டோம். அப்பாவின் இன்சுலின், அறையிலிருக்கும் குட்டிக் குளிர்பெட்டிக்குள் போய்விட்டது. போட்ட ஊசிகளைச் சேர்த்து வைக்க டப்பா கேட்டேன், அரை மணி நேரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

அப்பா பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. மேல்தளத்துக்குப் போய் வடம் அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவருக்கு வேறு எது கண்ணில் படும்? "நிலக்கரியும் உப்பும் ஏத்துன கப்பலத்தான் பாத்திருக்கேன். ஆள ஏத்துறதுக்கு இவ்ளோ பெரிசா?" என்றார். குயின் மேரி 2 நீளம் 345 மீட்டர். 2004-இல் கடலுக்கு வந்த கப்பல்.

இரவுச் சாப்பாட்டு மெனுவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். ஸ்டிக்கி டாஃபி புட்டிங். "நாளைக்குப் பாப்போம்ப்பா" என்றேன். சரி என்று மடித்து வைத்துவிட்டார். அந்தச் சரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டுக்கு முன் ரத்தச் சர்க்கரை 8.1. லண்டன் மீட்டர் இப்படித்தான் காட்டும். அப்பா அதைப் பதினெட்டால் பெருக்கி நம் ஊர்க் கணக்குக்குக் கொண்டுவந்து, "146" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பார்.

நியூயார்க்குக்குப் பக்கத்தில் எடிசனில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் அக்காவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும். அம்மாவும் அங்கேதான்.

மே 11

மதியம் மூன்றரை மணித் தேநீர். பெரிய நடனக் கூடத்தில் வெள்ளைக் கையுறை போட்டவர்கள் தட்டோடு வரிசையாக வருகிறார்கள், ஓரத்தில் இசை. முதலில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், அப்புறம் ஸ்கோன், அப்புறம் குட்டிக் கேக்குகள்.

அப்பாவுக்குப் பாதி ஸ்கோன். ஜாம் வேண்டாம், கிளாட்டட் கிரீம் மட்டும். பாலின் கிரீமை மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்து, மேலே மஞ்சளாகப் படிவதை வழித்தெடுப்பது. கத்தியால் எடுத்தால் மேலே பொருக்கும் அடியில் வெண்ணெயும் கிரீமும் சேர்ந்த மாதிரியும் வரும். பக்கத்து மேசையில் டெவன்காரர் ஒருவர் முதலில் கிரீம், அதற்கு மேல் ஜாம் என்று அப்பாவுக்குப் பாடமே எடுத்தார். கார்ன்வாலில் நேர்மாறாம். அப்பா பணிவாகக் கேட்டுக்கொண்டு, ஜாம் இல்லாத தம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கரண்டி நுனியில் கொஞ்சம் ஜாம் வைத்தேன். வைக்காமல் எப்படி இருப்பது?

ஒரு மணி நேரம் கழித்து 8.9. நல்லது என்று நினைத்தோம். மூன்று மணி நேரம் கழித்து 11.2. கொழுப்பு சேர்ந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும், சர்க்கரையும் தாமதமாகத்தான் ஏறும். கிரீம் இருக்கிற எதற்கும் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

மே 12

நேரம்தான் இன்றைக்குக் கவலை. நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் ஐந்து மணி நேரம் பின்னே போக வேண்டும். அதற்காக ஐந்து இரவுகள், ராத்திரிக்கு ஒரு மணி நேரமாகக் கடிகாரத்தைப் பின்னே தள்ளுகிறார்கள். எல்லாருக்கும் சந்தோஷம், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். எனக்கு அது இருபத்தைந்து மணி நேர நாள். இரவு பத்து மணிக்குப் போடும் நீண்ட நேர இன்சுலின் கடைசி ஒரு மணி நேரத்துக்கு நிற்குமா? காலைச் சாப்பாடு எந்தக் கணக்கில்? மதியத் தேநீர் அப்பாவின் உடம்புக்கு மூன்றரையா, ஐந்தரையா?

கிளம்பும்முன் டாக்டரிடம் கேட்டிருந்தேன். ஒரு மணி நேர வித்தியாசம் அப்பாவுக்கு ஒன்றும் செய்யாது, தினமும் கப்பல் நேரப்படி போட்டாலும் சரி, லண்டன் நேரத்திலேயே நின்றாலும் சரி, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். ஏதாவது ஒன்று என்பது அவருக்குச் சுலபம். அறையில் நான் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தம் கைக்கடிகாரத்தைக் காட்டி, "இது லண்டன்லயே இருக்கட்டும். ஊசிக்கு இது, சோத்துக்குச் செவுத்துல இருக்கிற கடியாரம்" என்றார். அவ்வளவுதான். துறைமுகத்தில் எத்தனை தேசத்துக் கப்பலின் நேரத்தைப் பார்த்திருப்பார்.

அம்மா பேசினாள். அக்காவுக்குக் கால் வீக்கமாம். "அவரு என்ன சாப்பிட்டாரு?" என்றாள். ஸ்கோன் என்றேன். "அப்படின்னா?" பன் மாதிரி என்றேன். ஜாமைச் சொல்லவில்லை.

மே 13

அக்காவிடமிருந்து பதில் இல்லை.

மே 13, இரவு

கடல் கெட்டுவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னே போடும் ஊசியை அப்பா வழக்கம்போல ஏழு மணிக்குப் போட்டார். சூப் வந்தது, இரண்டு வாய் எடுத்தார், தரை சாய்ந்தது, முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் வாந்தி. ஊசி உள்ளே, சாப்பாடு வெளியே.

அறைக்கு வந்து பார்த்தால் 3.6. அப்பா பெருக்கிச் சொல்லவில்லை. நானே சொன்னேன், 65. சட்டை நனைந்துவிட்டது, கை நடுங்குகிறது. ஆரஞ்சு ஜூஸ் சிறிய டம்ளர். 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம், மறுபடி பார். கிளினிக்கில் சொல்லித் தந்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணியைப் பார்த்தேன். அந்தக் கால் மணி நேரம் கப்பல் ஒரு பக்கம் ஏறி ஏறி இறங்கியது.

4.3. ஜூஸ் இன்னொரு வாய்கூட வேண்டாம், குமட்டுகிறது என்றார். அறைச் சேவைக்குப் போன் செய்து கேட்டேன். எலுமிச்சை சோர்பே இருக்கிறது, ஐஸ்கிரீமும் இருக்கிறது என்றார்கள். சோர்பேதான் வேண்டும் என்றேன். ஐஸ்கிரீமில் கொழுப்பு, சாக்லேட்டிலும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்துக்கு வந்து சேர நேரமாகும். சோர்பே என்றால் தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை, அவ்வளவுதான். சில்லென்று இருக்கிறதால் வாந்தி வருகிற வயிறும் அதை ஏற்றுக்கொள்கிறது. தேக்கரண்டியால் நானே ஊட்டினேன். நாலாவது கரண்டியில், "எலுமிச்சம்பழத் தோலயும் சீவிப் போட்டிருக்கான்" என்றார். அப்போதுதான் அழுதேன்.

அப்புறம் இரண்டு உப்பு பிஸ்கட். 6.4. தூங்குகிறார்.

இந்தக் கப்பலில் எந்த இனிப்பு உசத்தி என்று யாராவது என்னைக் கேட்டால் எலுமிச்சை சோர்பே என்றுதான் சொல்வேன்.

மே 14

கடல் தணிந்தது. அப்பா இஞ்சி மிட்டாய் கேட்டு வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். நானும்தான்.

1842 ஜனவரியில் டிக்கன்ஸ் லிவர்பூலிலிருந்து அமெரிக்கா போனது இந்தக் கப்பலை ஓட்டும் இதே குனார்ட் கம்பெனியின் பிரிட்டானியா கப்பலில். சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவை கொஞ்சம் பூஞ்சை பிடித்த ஆப்பிளும் திராட்சையும் ஆரஞ்சும் என்று எழுதியிருக்கிறார். பாலுக்கு அந்தக் கப்பலிலேயே ஒரு பசு. அங்கிருந்து 1912-க்கு வந்தால் டைட்டானிக். ஏப்ரல் 14 இரவு, முதல் வகுப்பில் வால்டார்ஃப் புட்டிங், ஷார்ட்ரூஸ் ஜெல்லியில் பீச் பழம், சாக்லேட், வனிலா எக்ளேர், பிரெஞ்சு ஐஸ்கிரீம். இரண்டாம் வகுப்பில் பிளம் புட்டிங், ஒயின் ஜெல்லி, அமெரிக்க ஐஸ்கிரீம், தேங்காய் சாண்ட்விச்.

தேங்காய் சாண்ட்விச்சில் அப்பா நின்றுவிட்டார். "தேங்கா எங்கேருந்து போயிருக்கும்?" தெரியவில்லைப்பா என்றேன். துறைமுகத்துக்காரர் கேட்கும் கேள்வி இதுதான், எந்தச் சரக்கு எங்கிருந்து.

அது மூழ்கிய இடம் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே, சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். மேலே தண்ணீர் வெறும் சாம்பல் நிறம். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

அக்கா: "நான் நல்லா இருக்கேன், சும்மா போன் பண்ணாத." சரி.

மே 15

காலையில் ஏழாம் தளத்து பஃபேவில் இனிப்பு வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் மூஸ், பன்னா கோட்டா, மேலே ஒரு ராஸ்பெரி, எல்லாம் பளபளவென்று. ஆயிரக்கணக்கான பேருக்குப் பரிமாறும் இடத்தில் மணிக்கணக்காக நின்றும் குலையாத இனிப்பு தேவை. அதற்கு ஜெலட்டின் வசதி. (சைவக்காரர்கள் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.) அழகுதான், ருசியும் குறைவில்லை. ஆனால் ஒரு கரண்டிக்கு மேல் அனுமதி இல்லாதவருக்கு அந்தக் கரண்டியை இதில் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் கரண்டி காத்திருக்க முடியாத பண்டத்துக்குத்தான். சூடாக வந்தால் சூடாகவே போக வேண்டியது, உருகுவதற்குள் முடிக்க வேண்டியது. நாலு நாளாக மனதில் ஓடுவது இதுதான்.

இரவு பேக்டு அலாஸ்கா. அடியில் கேக், நடுவில் ஐஸ்கிரீம், மேலே முழுக்க அடித்த முட்டை வெள்ளைக்கரு. முன்பெல்லாம் கப்பல்களில் விளக்கை அணைத்துவிட்டு, பரிமாறுபவர்கள் இதைத் தீபத்தோடு தூக்கி ஊர்வலம் வருவார்களாம். எங்களுக்குத் தட்டில்தான் வந்தது. அது போதும். மேலே பழுப்பேறிய முனைகள், கத்தி வைத்தால் சரக்கென்று ஒரு சத்தம், உள்ளே ஐஸ்கிரீம் கல்லாக. வெள்ளைக்கருவுக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் சூட்டை உள்ளே விடுவதில்லை, அதனால்தான் அடுப்புக்குள் போய் வந்தும் உருகவில்லை. அமெரிக்கா 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியதோடு சேர்ந்த பெயர். நியூயார்க்கின் டெல்மோனிகோஸ் உணவகத்தில் ரன்ஹோஃபர் என்ற சமையல்காரர் செய்து பேர் வாங்கிக்கொடுத்தார்.

அப்பா மேல்முனையை மட்டும் ஒடித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "இது நம்ம மக்ரூன்தான்ளா. முந்திரிதான் இல்ல." ஆமாம். தூத்துக்குடி மக்ரூனும் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, மெல்லிய சூட்டில் காயவிடுவதுதானே. சம்பள நாளில் காகிதப் பொட்டலத்தோடு சைக்கிளில் வருவார். அக்கா முனையைக் கடித்துவிட்டு மீதியை எனக்குத் தருவாள்.

இரண்டு கரண்டி சாப்பிட்டார். நான் எண்ணவில்லை என்று காட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் 9.4. மூன்று மணி நேரத்தில் 9.8. பரவாயில்லை. நன்றாகவே பரவாயில்லை.

நாளை இரவுக்குச் சூஃப்லே சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள்.

மே 16, காலை

அம்மாவின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. அத்தானும் எடுக்கவில்லை. அங்கே விடிந்திருக்காது. இருந்தாலும்.

மே 16, மதியம்

இன்னும் இல்லை. அப்பா இதுவரை கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், செவுத்துக் கடியாரத்தைப் பார்க்கிறார்.

மே 16, மாலை

பனிக்குடம் உடைந்துவிட்டதாம். விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரி. அம்மா அழாமல் பேசினாள். "அவருகிட்ட பதமா சொல்லு, சுகர் ஏறிடப் போவுது." சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து ஷூவைப் போட்டுக்கொண்டார், கப்பலை இன்னும் வேகமாகப் போகச் சொல்லக் கிளம்புகிறவர் மாதிரி. நாளை விடியுமுன் வெரசானோ பாலத்துக்கு அடியில் நுழைந்து புரூக்ளினில் கட்டும். அங்கிருந்து எடிசன் போகக் காருக்குச் சொல்லியாகிவிட்டது.

மே 16, இரவு

7.2. 130 என்றார், உரக்க.

சூஃப்லே வந்தது. சாக்லேட். கோப்பை விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரம், மேல்பக்கம் லேசாக ஆடுகிறது. பரிமாறியவர் நடுவில் கரண்டியால் குத்தி, பள்ளத்தில் சூடான வனிலா கஸ்டர்டை ஊற்றினார். "சீக்கிரம் சார்" என்றார் அப்பாவிடம். உள்ளே இருப்பது சூடான காற்றுதானே, ஆறினால் அமுங்கிவிடும். அப்பா கரண்டியை எடுக்கும்போது என் போன் அடித்தது. அத்தான். நான் எழுந்து வெளியே ஓடினேன். குழந்தை இன்னும் வரவில்லை, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவள் தைரியமாக இருக்கிறாள், இவ்வளவுதான் செய்தி. திரும்பி வந்தபோது கோப்பை காலி, முழுக் கோப்பையும். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் சொன்னதை மட்டும் சொன்னேன்.

பெட்டிகளை இன்று இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்கிறார்கள். இன்சுலினும் மீட்டரும் கைப்பையில். பதினொன்றரைக்கு மறுபடி பார்க்க வேண்டும். அம்மா திரும்ப அழைக்கிறாள்