தாள் மட்கும் கணக்கு

குறுவை நெல் அறுத்தபின் வயலில் நிற்கும் தாளை (வைக்கோல் அடிக்கட்டையை) மடக்கி உழுத கையோடு, அடுத்த போக நெல்லான தாளடியை நட்டால் இளம்பயிர் வெளுத்து நிற்கும். மன்னார்குடிப் பக்கம் எல்லோரும் பார்த்திருப்பதுதான். இதை எக்செல்லில் கணக்காகக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன்.

முதலில் எடுத்தது, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நிலையத்தில் உருவான மண் கார்பன் கணக்கு மாதிரி (மாடல்). அங்கே 1843 முதல் வயல் சோதனைகள் நடக்கின்றன. எளிதில் மட்குவதற்கு ஆண்டுக்கு 10, நாள்பட மட்குவதற்கு 0.3, மட்கி முடிந்து மண்ணில் தங்கும் மக்குக்கு 0.02 என்று அதில் வேக எண்கள் உண்டு. ஆனால், வைக்கோலைத் தின்று மட்க வைக்கும் நுண்ணுயிர் இரு மடங்கானாலும் அதில் வைக்கோல் அதே வேகத்தில்தான் குறையும். தின்பவருக்குக் கணக்கில் பங்கில்லை என்பதை என் மனம் ஏற்கவில்லை.

அதனால் மட்கும் வேகத்தை நுண்ணுயிரின் அளவோடு பெருக்கினேன். வளைகோடு உடனே உயிர் பெற்றது: தொடக்கத்தில் மந்தம், பிறகு பாய்ச்சல். கூடவே ஓயாத ஏற்ற இறக்கமும் வந்தது. கூட்டம் பெருகப் பெருக இறப்பும் கூடும்படி மாற்றியதும் அது அடங்கியது.

உண்மையான சுவை தழைச்சத்தை (நைட்ரஜனை) கணக்கில் சேர்த்த பிறகுதான். வைக்கோலில் 100 கிராம் கார்பன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நுண்ணுயிர்கள் அதில் 40 கிராமை உடலாக்கிக்கொண்டு மீதியைக் கரியமில வாயுவாக விடுகின்றன. அவற்றின் உடலில் 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து. ஆக, தேவை 5 கிராம். கார்பன் 70 பங்குக்கு 1 பங்கு தழைச்சத்து உள்ள வைக்கோல் தருவதோ 1.4 கிராம். மீதி 3.6 கிராமை மண்ணிலிருந்து, அதாவது பயிரின் வாயிலிருந்து, பறித்துக்கொள்கின்றன. வெளுப்புக்குக் காரணம் இதுதான். இந்த விகிதம் 20 ஆக உள்ள, பசுந்தாள் உரச் செடியான இளம் தக்கைப்பூண்டில் தேவையான 5 கிராமும் அதிலேயே இருக்கிறது. நம் பெரியவர்கள் அதை மடக்கி உழுததன் அருமை இந்த ஒரு வரியில் தெரிகிறது!

ஒப்பிட்டுப் பார்க்க, நைலான் வலைப் பைகளில் வைக்கோலைத் தனியாகவும் தக்கைப்பூண்டுடன் கலந்தும் வரப்போரம் புதைத்திருக்கிறேன். கலந்த பையில் தாள் தொட்டாலே நொறுங்குகிறது. தனிப் பையில் கணுக்கள் இன்னும் விறைப்பாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி வெள்ளைப் பூசண இழைகள் படர்ந்திருக்கின்றன. கணுவையும் இடைத்தண்டையும் இனிக் கணக்கில் பிரிக்க வேண்டும்.

அடுத்தது, தேங்கிய நீர். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மட்குதல் மெதுவாகும். மீத்தேன் உருவாக்கும் உயிர்கள் தலையெடுக்கும். வரப்போரத்து வேகத்தை அப்படியே வயலுக்குப் போட முடியாது. தாளடி வயலுக்குள்ளும் பைகளைப் புதைத்துவிட்டேன். தண்ணீர் வடிந்ததும் எடுத்து எடை போடுவேன்.